வெறும் கையால் கம்பி வளைக்க எவ்வளவு பலம் வேண்டும்? காகிதக் கணக்கு, வாளிச் சோதனை, விற்பனைப் பட்டியல், கைப்பழக்கம்: ஓர் ஒப்பீடு

டர்பனில் தைப்பூசம் நெருங்கினால் காவடி கட்டுகிறவர்கள் கேட்பார்கள்: "6 மில்லி கம்பியை நானே வளைத்துவிடலாமா, இல்லை வெல்டிங் கடைக்குக் கொடுக்கணுமா?" அதே ஊரின் சாட்ஸ்வர்த், ஃபீனிக்ஸ் பகுதிகளில் வீட்டுக் கராஜில் எடை தூக்கும் தம்பிகள் வருடம் முழுக்கக் கேட்பார்கள்: "8 மில்லி வளைச்சிட்டேன் அண்ணா, அடுத்தது 10 எடுக்கலாமா?" மூன்றாவது கூட்டம் வீட்டுக்காரர்கள். ஜன்னலில் போட்ட பர்க்ளர் கார்டை (திருட்டைத் தடுக்கும் கம்பிச் சட்டம்) திருடன் வெறும் கையால் விரித்துவிடுவானா என்பது அவர்கள் கவலை.

மூன்று பேருக்கும் தேவைப்படுவது ஒரே விஷயம்: கம்பியில் கை வைக்கும் முன்பே அது எவ்வளவு பலம் கேட்கும் என்ற மதிப்பீடு. அதற்கு நான்கு வழிகள் புழக்கத்தில் இருக்கின்றன. சூத்திரம் போட்டுக் கணக்கிடலாம். வாளியைத் தொங்கவிட்டு அளக்கலாம். தரம் பிரித்து விற்கிறவர்கள் தரும் பட்டியலை நம்பலாம். கைப்பழக்கத்தை வைத்து ஒவ்வொரு படியாக ஏறலாம். எதை எடுப்பது என்பதில்தான் குழப்பம்.

என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கிலோவைத் துரத்துவதால் பெரிய பயன் இல்லை. ஏற்கெனவே வளைத்த கம்பியைப்போல இது எத்தனை மடங்கு என்பதைத்தான் தேட வேண்டும். ஏன் என்பது போகப்போகத் தெரியும்.

## எதை வைத்து எடை போடுவது

நான்கு கேள்விகளை வைத்துப் பார்க்கிறேன்.

கம்பியின் தரம் தெரியாதபோதும் அந்த வழி வேலை செய்யுமா? இரும்புக்கடையில் ஒரு துண்டு வாங்கினால் அது என்ன தரம் என்று ஒருவரும் சான்றிதழ் தரமாட்டார்கள். ஆகவே இதுதான் முதல் கேள்வி.

வருகிற எண்ணை உங்கள் கைக்கு மாற்ற முடியுமா? உள்ளங்கை அகலம், பிடிக்கும் விதம், தொடையில் ஊன்றுவதா வேண்டாமா, எல்லாம் சேர்ந்துதான் விடை.

மறைவான செலவு என்ன? பணம் மட்டுமல்ல, நேரம், வீணாகும் கம்பி, மணிக்கட்டு வலி எல்லாம் செலவுதான்.

தப்பாகப் போனால் என்ன ஆகும்? கம்பி வளையாமல் நின்றுவிட்டால் பரவாயில்லை. முறிந்து முகத்துக்கு நேரே பறந்தால் அது வேறு கதை.

## "எத்தனை கிலோ" என்பது பாதிக் கேள்வி

கம்பி மடிவதை முடிவு செய்வது விசை மட்டுமல்ல. விசையும் அது செயல்படும் தூரமும் சேர்ந்த திருப்புத்திறன்தான். 8 மில்லி மைல்டு ஸ்டீல் (சாதாரண மென் உருக்கு) கம்பியை 15 சென்டிமீட்டர் இடைவெளியில் இரண்டு தாங்கிகள் மேல் வைத்து நடுவில் அழுத்தினால் ஏறக்குறைய 58 கிலோ கேட்கும். இடைவெளியை 30 சென்டிமீட்டர் ஆக்கினால் 29 கிலோதான். கம்பி மாறவில்லை, எண் பாதியாகிவிட்டது. ஆகவே இடைவெளி சொல்லாமல் ஒருவர் "இது 100 கிலோ கம்பி" என்றால் அதில் தகவலே இல்லை.

சின்னத் துண்டைக் கையால் வளைக்கும்போது நடப்பதும் இதுதான். உள்ளங்கைகள் கீழ்நோக்கி இருக்க, கம்பியைத் தாடைக்குக் கீழே பிடித்து அமுக்குகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொரு கையிலும் கட்டைவிரல் பக்கம் ஒரு திசையில் தள்ளும், சுண்டுவிரல் பக்கம் எதிர்த்திசையில் இழுக்கும். இரண்டுக்கும் நடுவே உள்ள தூரம் பெரும்பாலோருக்கு 8 சென்டிமீட்டரை ஒட்டி இருக்கும். 24 நியூட்டன் மீட்டர் திருப்புத்திறன் கேட்கும் கம்பி என்றால் அதை 0.08-ஆல் வகுங்கள்: 300 நியூட்டன், அதாவது சுமார் 31 கிலோ. ஒவ்வொரு கையிலும் அந்த அளவு தள்ளலும் அதே அளவு இழுவையும் வேண்டும். கை சிறுத்தவருக்கு இது கூடும். உள்ளங்கை அகலமானவர் கொடுத்துவைத்தவர்.

நீளமான கம்பியைத் தொடையில் ஊன்றி வளைப்பது இன்னும் எளிது. மேடையில் ஆளுயரக் கம்பியை வளைத்துக் காட்டினால் கூட்டம் கைதட்டும். உண்மையில் அதை நாலில் ஒரு பங்காக வெட்டிக் கொடுத்திருந்தால்தான் வித்தைக்காரருக்கு வியர்த்திருக்கும்.

## வழி 1: காகிதக் கணக்கு

உருண்டைக் கம்பி முழுதாக மடியும் திருப்புத்திறன் = ஈல்ட் பலம் × விட்டம் × விட்டம் × விட்டம் ÷ 6. ஈல்ட் என்பது கம்பி திரும்ப நிமிராமல் மடியத் தொடங்கும் அளவு. அதை மெகாபாஸ்கலில் போடுங்கள். விட்டத்தை மில்லிமீட்டரில் போட்டால் விடை நியூட்டன் மில்லிமீட்டரில் வரும். 1000-ஆல் வகுத்தால் நியூட்டன் மீட்டர். சதுரக் கம்பிக்கு 6-க்குப் பதில் 4. பட்டைக் கம்பிக்கு ஈல்ட் × அகலம் × கனம் × கனம் ÷ 4.

தென்னாப்பிரிக்காவில் இருப்பவர்களுக்கு இங்கே ஒரு வசதி உண்டு. கான்கிரீட்டுக்குப் போடும் கம்பிகளுக்கு இந்நாட்டுத் தரவிதியில் இரண்டே வகைதான். "ஆர்" என்றால் வழவழப்பான மைல்டு ஸ்டீல், ஈல்ட் குறைந்தது 250 மெகாபாஸ்கல். "ஒய்" என்றால் வரிவரியாக இருக்கும் முறுக்குக் கம்பி, குறைந்தது 450. கட்டட வரைபடத்தில் ஒய் 10, ஆர் 8 என்று எழுதியிருப்பது இதைத்தான். அந்தக் குறைந்தபட்ச அளவுகளை வைத்துப் போட்ட கணக்கு இது:

| கம்பி | ஈல்ட் (மெகாபாஸ்கல்) | மடியும் திருப்புத்திறன் (நியூட்டன் மீட்டர்) | ஆர் 8-ஐப்போல |
|---|---|---|---|
| ஆர் 6 | 250 | 9 | 0.4 மடங்கு |
| பட்டை 20 × 3, தட்டையாக | 250 | 11 | 0.5 மடங்கு |
| ஆர் 8 | 250 | 21 | 1 |
| ஒய் 8 | 450 | 38 | 1.8 மடங்கு |
| ஆர் 10 | 250 | 42 | 2 மடங்கு |
| சதுரம் 10 | 250 | 62 | 2.9 மடங்கு |
| ஆர் 12 | 250 | 72 | 3.4 மடங்கு |
| ஒய் 10 | 450 | 75 | 3.5 மடங்கு |
| பட்டை 20 × 3, விளிம்பு வாட்டில் | 250 | 75 | 3.5 மடங்கு |
| 10 மில்லி போல்ட், 8.8 தரம், மரையில்லாத பகுதி | 640 | 107 | 5 மடங்கு |
| ஒய் 12 | 450 | 130 | 6.1 மடங்கு |

இதைக் கொஞ்சம் நிதானமாகப் பாருங்கள். 8-லிருந்து 10-க்குப் போவது 2 மில்லி கூடுதல்தான். கை கொடுக்க வேண்டிய பலமோ இரு மடங்கு. விட்டம் மூன்று முறை பெருக்கப்படுவதால் வரும் வினை இது. ஒய் 10-ம் ஆர் 12-ம் கிட்டத்தட்ட ஒரே பலம் கேட்கின்றன. கடைக்காரர் "10-தானே" என்று வரிக்கம்பியை எடுத்துக் கொடுத்தால் உங்களிடம் வந்திருப்பது 12 என்று நினைத்துக்கொள்ளுங்கள். ஒரே பட்டைக் கம்பி தட்டையாக வளைக்கும்போது 11, விளிம்பு வாட்டில் வளைக்கும்போது 75. காவடி வளைவை எந்த வாட்டில் வளைப்பது என்று இனி யாரும் கேட்கத் தேவையில்லை.

கணக்கின் பலவீனம் ஈல்ட் என்ற அந்த ஒற்றை எண்ணில் இருக்கிறது. 250 என்பது குறைந்தபட்சம். ஆலையிலிருந்து வரும் கம்பி அதற்கு மேலேதான் இருக்கும், எவ்வளவு மேலே என்பது உருக்குக்கு உருக்கு மாறும். கட்டுமானத்துக்கு விற்கும் பட்டையும் சதுரமும் எஸ்355 தரமாக இருந்தால் ஈல்ட் 355. அட்டவணை எண்ணை 1.4-ஆல் பெருக்கிக்கொள்ள வேண்டும். பளபளவென்று இருக்கும் பிரைட் கம்பி இன்னும் மோசம். 1018 என்ற சாதாரண ரகத்தையே எடுத்துக்கொள்வோம். சூடாக உருட்டி வந்தால் அதன் ஈல்ட் சுமார் 220. அதையே குளிர்ந்த நிலையில் அச்சில் இழுத்தால் சுமார் 370. உள்ளே இருக்கும் சரக்கு ஒன்றேதான்.

அதோடு கணக்கு சொல்வது மடியும் நேரத்து எண் மட்டுமே. கம்பியை இறுக்கமாக மடக்க மடக்க இரும்பு கடினப்படும். அந்தத் திருப்புத்திறனுக்கு மேல் கால் பங்கோ அதற்கும் அதிகமோ ஏறலாம். வளைவு ஆரம்பித்துவிட்டது, இனி சுலபம் என்று நினைக்கிறவர்கள் கடைசி இரண்டு அங்குலத்தில் மாட்டிக்கொள்வது இதனால்தான். போதாததற்கு அந்த நேரம் கைகள் ஒன்றையொன்று நெருங்கி, நெஞ்சின் பலம் போய்ச் சேராத நிலைக்கு வந்திருக்கும்.

செலவு: கனத்தைத் துல்லியமாக அளக்க ஒரு வெர்னியர். அதில் கஞ்சம் வேண்டாம். வெர்னியர் இல்லாதவர்கள் நம் சைட் எஞ்சினியர்கள் மனப்பாடமாக வைத்திருக்கும் 162 கணக்கைத் தலைகீழாகப் போடலாம்: 1 மீட்டர் கம்பியின் எடையைக் கிலோவில் எடுத்து 162-ஆல் பெருக்கி வர்க்கமூலம் எடுத்தால் விட்டம். 395 கிராம் இருந்தால் 8 மில்லி. 360 கிராம்தான் என்றால் 7.6 மில்லி, பலத்தில் 13 சதவீதம் குறைந்துவிட்டது. வரிக்கம்பிக்கு வெர்னியரைவிட இதுவே சரியான முறை, வரிகள் அளவைக் கெடுக்காது.

எப்போது இது போதும்? காவடி வளைவு, கொடிக்கம்பத் தாங்கி, ஜன்னல் கம்பி மாதிரி "முடியுமா முடியாதா" என்று மட்டும் தெரிய வேண்டிய இடங்களில். 30 சதவீதம் தவறினாலும் முடிவு மாறாது.

## வழி 2: வாளிச் சோதனை

எனக்குப் பிடித்தது இது. அரை மணி நேர வேலை, தரம் தெரியாத கம்பிக்கும் உண்மையைச் சொல்லிவிடும்.

இரண்டு உறுதியான தாங்கிகள் மேல் ஆங்கிள் இரும்புத் துண்டுகளைப் போட்டு, விளிம்புகளுக்கு நடுவே சரியாக 50 சென்டிமீட்டர் விடுங்கள். 60 சென்டிமீட்டர் நீளக் கம்பியைக் குறுக்கே வையுங்கள். நடுவில் கயிறு போட்டு 20 லிட்டர் பெயிண்ட் வாளியைத் தரைக்கு ஒரு சாண் மேலே தொங்கவிடுங்கள். ஒரு லிட்டர் சொம்பால் தண்ணீர் ஊற்றிக்கொண்டே வாருங்கள். லிட்டருக்கு ஒரு கிலோ. வாளியின் சொந்த எடையையும் சேர்க்க மறக்க வேண்டாம்.

சரியாக 250 மெகாபாஸ்கல் இருக்கும் ஆர் 8 என்றால் சுமார் 10 கிலோவில் கம்பியின் மேல்தோலும் கீழ்த்தோலும் விட்டுக்கொடுக்க ஆரம்பிக்கும். வாளியை எடுத்துவிட்டுப் பார்த்தால் நேர்கோட்டிலிருந்து மயிரிழை விலகியிருக்கும். முழுதாக மடிவது 17 கிலோவுக்கு மேல். இரண்டுக்கும் உள்ள விகிதம் உருண்டைக் கம்பிக்கு எப்போதும் 1.7. ஆகவே முதல் நிரந்தர வளைவைப் பார்த்ததும் "இதுதான் எண்" என்று எழுதிவிடாதீர்கள். கூடுதல் தண்ணீர் ஊற்றாமலே கம்பி தொடர்ந்து இறங்கும் கட்டம்தான் நமக்கு வேண்டியது.

கிடைத்த எடையைத் திருப்புத்திறனாக்க: கிலோ × 9.81 × இடைவெளி மீட்டரில் ÷ 4. உதாரணமாக 20 கிலோவில் மடிந்தால் 24.5 நியூட்டன் மீட்டர். திருப்பிப் போட்டால் அந்தக் கம்பியின் ஈல்ட் சுமார் 287 மெகாபாஸ்கல். இனி அந்தக் கம்பி உங்களிடம் எதையும் மறைக்க முடியாது.

இங்கே கணக்கைவிடப் பெரிய லாபம் ஒன்று உண்டு. இரும்புக்கடையில் கம்பி 6 மீட்டர் நீளமாகத்தான் வரும். சின்னத் துண்டு வேண்டும் என்பவர்கள் இதைத் தொந்தரவாக நினைப்பார்கள். நான் முழு நீளத்தையும் வாங்கச் சொல்வேன். 60 சென்டிமீட்டரைச் சோதனைக்கு வெட்டினால் மீதி 5.4 மீட்டர், 18 சென்டிமீட்டர் துண்டுகளாக 30 கிடைக்கும். முப்பதும் ஒரே உருக்கு, ஒரே உருட்டல். ஒன்றை அளந்தால் முப்பதையும் அளந்த மாதிரி. வாரா வாரம் கடையிலிருந்து வெவ்வேறு துண்டு பொறுக்கி வந்து "போன வாரம் வளைந்தது, இந்த வாரம் ஏன் வளையவில்லை" என்று குழம்புவதற்கு இதுதான் மருந்து.

மறைவான செலவுகள்: இடம் வேண்டும், சோதித்த துண்டு வீண். அதை நிமிர்த்தி மறுபடி சோதிக்கக் கூடாது. ஒருமுறை மடிந்த இரும்பு மாறிப்போன இரும்பு. வாளி மேலே தொங்கினால் காலில் விழும், அதனால்தான் ஒரு சாண் என்றேன். கம்பி ஏறக்குறைய 30 டிகிரிக்கு மேல் வளைந்த பிறகு தாங்கிகளில் வழுக்கி இடைவெளிக் கணக்கையே கெடுக்கும். ஆகவே இந்த முறை தொடக்கப் பலத்தைச் சொல்லும், முடிக்கும் பலத்தைச் சொல்லாது. கனமான கம்பிக்கு வாளி போதாது. ஒய் 10-க்கு இதே இடைவெளியில் 61 கிலோவுக்கு மேல் வேண்டும். ஜிம் தட்டுகளைக் கோத்துத் தொங்கவிடுங்கள், அல்லது இடைவெளியை 1 மீட்டர் ஆக்கி அதைப் பாதியாகக் குறையுங்கள்.

தொடர்ந்து பயிற்சி செய்கிறவர்களுக்கும், இரண்டு பேர் "யார் பெரியவன்" என்று போட்டி போடும் இடத்திலும் இதற்கு மாற்று இல்லை.

## வழி 3: தரம் பிரித்து விற்கும் ஆணிகளும் பட்டியல்களும்

கம்பி வளைப்பை விளையாட்டாக எடுத்துக்கொண்டவர்களுக்கென்றே அமெரிக்காவில் தரம் பிரித்த துண்டுகள் விற்கிறார்கள். அயர்ன்மைண்ட் நிறுவனத்தின் சிவப்பு ஆணி இதில் பிரபலம்: 7 அங்குல நீளம், 5/16 அங்குல விட்டம், குளிர்ந்த நிலையில் உருட்டிய உருக்கு. நம் அளவில் 178 மில்லி நீளம், 7.9 மில்லி கனம். கனத்தில் ஆர் 8-தான். ஆனால் ஈல்ட் 500 என்று வைத்தால் திருப்புத்திறன் 42-ஐத் தொடும். ஆர் 8-ஐப்போல இரு மடங்கு. கனத்தை மட்டும் பார்த்து "நான் சிவப்பு ஆணி அளவு வளைத்துவிட்டேன்" என்று சொல்லிக்கொள்ள முடியாததற்குக் காரணம் இது.

வேறு சில விற்பனையாளர்கள் ஒவ்வொரு துண்டுக்கும் இத்தனை பவுண்டு என்று எண் போட்டுத் தருகிறார்கள். ஒரே கடையின் எண்களை ஒன்றோடொன்று ஒப்பிடலாம், அதில் தவறில்லை. இரண்டு கடைகளின் எண்களை ஒப்பிடுவது வீண். ஒருவர் எந்த இடைவெளியில் அழுத்தினார், மற்றவர் எந்த இடைவெளியில் அழுத்தினார் என்பது தெரியாமல் அந்தப் பவுண்டுக்குப் பொருள் கிடையாது. பட்டியலில் உள்ள 300 பவுண்டைத் தன் பெஞ்ச் பிரஸ் எடையோடு ஒப்பிடுகிற தம்பிகளையும் பார்க்கலாம். இரண்டுக்கும் தொடர்பே இல்லை.

செலவு இங்கேதான் கடிக்கும். டாலர் விலை, கூரியர், சுங்கம் எல்லாம் ரேண்டில் கூட்டிப் பார்த்தால், ஒருமுறை வளைத்துவிட்டு எறியப்போகும் ஒரு கைப்பிடித் துண்டுகளுக்கு இது அதிகம். அதே காசுக்கு டர்பனில் 6 மீட்டர் கம்பிகள் பல வாங்கி வாளிச் சோதனையும் செய்துவிடலாம். வெளிநாட்டு ஆட்களோடு ஒரே அளவுகோலில் நிற்க வேண்டும், சான்று வேண்டும் என்கிறவருக்கு மட்டும் இது சரி. அவர்களும் பயிற்சிக்கு உள்ளூர் கம்பி, தேர்வுக்கு மட்டும் அந்த ஆணி என்று பிரித்துக்கொண்டால் பர்ஸ் தப்பிக்கும்.

## வழி 4: கைப்பழக்கம்

கத்தரிக்காய், வெண்டைக்காய் வாங்குகிற மாதிரி கம்பியை லேசாக அழுத்திப் பார்த்து "இது நல்ல இளசு" என்று சொல்கிறவர்கள் உண்டு. வெண்டைக்காய்க்கு நுனி ஒடித்தால் தெரியும். கம்பிக்கு அது செல்லாது, அதற்கு உறுதியான காரணமும் இருக்கிறது. லேசாக வளைத்தால் கையில் தெரிவது மீள்தன்மை. எல்லா உருக்குக்கும் அது கிட்டத்தட்ட ஒன்றே, சுமார் 200 கிகாபாஸ்கல். ஒரே கனமுள்ள மைல்டு ஸ்டீலும் கடினப்படுத்திய உருக்கும் முதல் சில மில்லிமீட்டர் அசைவில் கைக்கு ஒரே மாதிரிதான் இருக்கும். வித்தியாசம் தெரியும் நேரத்தில் நீங்கள் முழு பலத்தையும் போட்டிருப்பீர்கள். ஒரு கம்பி சட்டென்று படிந்துவிடும், இன்னொன்று ஸ்பிரிங்காகத் திரும்பி அடிக்கும்.

ஆனால் கைப்பழக்கத்துக்கு ஒரு நல்ல முகமும் உண்டு. நீங்கள் முழுதாக வளைத்து முடித்த கம்பிதான் உலகத்திலேயே உங்கள் கைக்கு ஏற்ற ஒரே அளவுகோல். உள்ளங்கை அகலம், பிடி, கம்பியில் சுற்றும் தோல், அன்றைய தூக்கம் எல்லாம் அதில் அடங்கிவிட்டன. அதை 1 என்று வைத்துக்கொண்டு அடுத்த கம்பியை மடங்கில் கணக்கிட்டால் வழி 1-இன் பெரிய ஓட்டை அடைபடுகிறது. கையின் நெம்புகோல் நீளம் இருபுறமும் அடிபட்டுப் போய்விடும். இரண்டு கம்பியும் ஒரே ரகம் என்றால் ஈல்ட்டும் அடிபட்டுப் போகும். மிஞ்சுவது விட்டங்களின் விகிதத்தை மூன்று முறை பெருக்குவது மட்டும். ரகம் வேறு என்றால் இரண்டுக்கும் ஒருமுறை வாளிச் சோதனை.

சரி, 8 முடித்த தம்பிக்குப் பதில்: ஆர் 10 உடனே வேண்டாம், அது இரு மடங்கு. ஒய் 8-ம் 1.8 மடங்கு, அதுவும் பெரிய தாவல்தான். அதே ஆர் 8-ஐ 20-லிருந்து 18 சென்டிமீட்டராகக் குறைத்து வெட்டுங்கள். கைகள் நெருங்கும்போது படி சின்னதாக ஏறும். அப்புறம் 17, 16. ஒரு நாளில் வளையாமல் நிற்கிற கம்பியும் வீணில்லை. முதல் உலகப்போரில் கைதியாக இருந்த அலெக்சாண்டர் ஸாஸ் சங்கிலியையும் சிறைக்கம்பியையும் இழுத்துத்தான் பலம் சேர்த்தார் என்பது பலசாலிகள் வரலாற்றில் பதிவான செய்தி. பிறகு மேடையில் இரும்பு வளைத்துப் பேரெடுத்தார்.

மறைவான செலவு முழுக்க உடம்பில். தசை ஒரு மாதத்தில் தேறும், மணிக்கட்டுத் தசைநார் அவ்வளவு வேகத்தில் தேறாது. தடித்த தோலோ கேன்வாஸோ சுற்றாமல் வளைத்தால் கம்பி முனை உள்ளங்கையில் இறங்கும். இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். கான்கிரீட் ஆணி, அரம், ஸ்பிரிங், துரப்பண முனை இவற்றைத் தொடவே தொடாதீர்கள். இவை கடினப்படுத்திய உருக்கு. வளைவதற்குப் பதில் முறியும், தாடைக்கு அடியில் வைத்திருக்கும்போது முறியும். போல்ட் எடுத்தால் தலையில் இருக்கும் எண்ணைப் படியுங்கள். 4.6 என்றால் ஈல்ட் 240, மைல்டு ஸ்டீல் மாதிரிதான். 8.8 என்றால் 640. மரை உள்ள பகுதி கம்பியைவிட ஒல்லி, வளைவும் விரிசலும் அங்கேதான் ஆரம்பிக்கும். எந்த வழியை எடுத்தாலும் கண்ணாடி போடுங்கள்.

## காவடிக்காரருக்கும் வீட்டுக்காரருக்கும்

ஆர் 6 கேட்பது வெறும் 9 நியூட்டன் மீட்டர். முழங்காலில் ஊன்றி, 30 சென்டிமீட்டர் தள்ளிப் பிடித்தால் ஒவ்வொரு கைக்கும் 3 கிலோ; பாட்டியாலும் முடியும். காவடி வளைவில் பலம் ஒரு பிரச்சினையே இல்லை, திரும்பி நிமிர்வதுதான் பிரச்சினை. 50 சென்டிமீட்டர் ஆரமுள்ள டிரம்மைச் சுற்றி ஆர் 6-ஐ வளைத்துவிட்டுக் கையை எடுத்தால் அது விரிந்து ஏறக்குறைய 77 சென்டிமீட்டர் ஆரத்தில் நிற்கும். 50 வேண்டும் என்றால் 37-ஐ ஒட்டிய ஆரத்தில் சுற்ற வேண்டும். ஈல்ட் கூடக்கூட விரிவும் கூடும். வரிக்கம்பி காவடிக்கு ஏற்றதல்ல என்பதற்குக் கனத்தைவிட இதுவே பெரிய காரணம். வழி 1 போதும், வாளி வேண்டாம், வெல்டிங் கடைக்கு வளைக்கக் கொடுக்கவும் வேண்டாம். இணைப்புகளுக்கு மட்டும் கொடுங்கள்.

பர்க்ளர் கார்டுக்கும் காகிதக் கணக்கே போதும், ஆனால் விடை அவ்வளவு நிம்மதியாக இராது. 10 மில்லி சதுரக் கம்பி, இரண்டு முனையும் சட்டத்தில் நன்றாக வெல்ட் ஆகியிருக்கிறது, நடுவில் 1 மீட்டருக்குப் பிடிப்பே இல்லை என்று வைத்துக்கொள்வோம். நடுவில் மடியத் தேவையான விசை = 8 × 62.5 ÷ 1 = 500 நியூட்டன், 51 கிலோ. எஸ்355 தரமாக இருந்தாலும் 72 கிலோதான். சட்டத்தில் காலை ஊன்றி இழுக்கும் ஓர் ஆளுக்கு இது பெரிய காரியமில்லை. குறுக்கே 40 சென்டிமீட்டருக்கு ஒரு பட்டை வெல்ட் செய்தால் அதே மைல்டு ஸ்டீல் கம்பி 127 கிலோ கேட்கும். கம்பியை 12-ஆக மாற்றினால் 1.7 மடங்குதான் கூடும். குறுக்குப் பட்டை 2.5 மடங்கு கூட்டுகிறது. ஆகவே காசு இருந்தால் முதலில் குறுக்குப் பட்டை, பிறகுதான் கனம். சட்டம் சுவரில் இரண்டு மூன்று ஸ்க்ரூவில் மட்டும் நிற்கிறது என்றால் இந்தக் கணக்கையே போட வேண்டாம். கம்பி மடிவதற்கு முன்பே ஸ்க்ரூ பிளக்கோடு பிடுங்கிக்கொண்டு வந்துவிடும்.